செண்பகவடிவு ஏன் ஆற்றில் இறங்கினாள்?

மலாயாவின் பெக்கான் நானாஸ் கடைத்தெருவில் ஆதமின் சாப்பாட்டுக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வந்தது சோற்றுக்காக மட்டும் அல்ல. பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ராஜசேகரன், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கை கழுவிவிட்டு வந்து, சிங்கப்பூரிலிருந்து தருவித்த சரித்திர நாவலைப் பிரித்து உரக்க வாசிப்பான். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து கேட்பார்கள். குதிரை ஓடுகிற இடத்தில் அவன் குரலும் ஓடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு, இருபத்தெட்டு வாக்கில் நடந்த சங்கதி இது.

ஆதமின் மனைவி காதர் பீவி அடுப்படியில், சாக்குத் திரைக்குப் பின்னால் நின்றபடி கேட்பாள். சின்ன வயதில் ஓதப் படித்தவள். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளைத் தடங்கல் இல்லாமல் வாசிப்பாள். தமிழ் எழுத்துதான் தெரியாது. கதை கேட்பதில் அவளுக்கு அப்படி ஒரு பசி. போர்க்களம் வந்துவிட்டால் அடுப்பில் கொதிக்கிற ஆணம் வற்றி அடிபிடிப்பதுகூட மூக்குக்கு எட்டாது.

அவள் கதையும் ஊருக்குத் தெரிந்ததுதான். முதல் புருஷன் ருக்னுதீன் அன்னாசிப் பழம் ஏற்றிய தொங்கான் படகில் சிங்கப்பூருக்குப் போனவன். புயலில் படகு கவிழ்ந்தது என்றார்கள். அவன் மையித்துகூடக் கரை ஒதுங்கவில்லை. நான்கு வருஷம் காத்திருந்தாள். துறைமுகம் துறைமுகமாக ஆள் விட்டுக் கேட்டாள். பிறகு மார்க்க வழக்குகளைத் தீர்க்கும் காதி விசாரித்து அந்த நிக்காஹை ரத்து செய்தார். மறுமணத்துக்கு முன் இருக்கவேண்டிய இத்தாக் காலம் கழிந்ததும், ஆதமைக் கட்டிக்கொண்டாள். யாரும் குறை சொன்னதில்லை. சொல்ல அதில் ஒன்றுமில்லை என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

அந்த மழைக்காலத்தில் ராஜசேகரன் எடுத்த நாவலில் ஒரு தளபதி கடல் கடந்து போருக்குப் போகிறான். செத்தான் என்று சேதி வருகிறது. மனைவி செண்பகவடிவு வருஷக்கணக்காக அழுது ஓய்ந்து, கடைசியில் தன்னை நோயிலிருந்து மீட்ட வைத்தியன் ஒருவனை மணக்கிறாள். அந்த வாரம் முழுக்கக் காதர் பீவி செண்பகவடிவோடுதான் குடித்தனம் நடத்தினாள்.

அடுத்த ஞாயிறு தளபதி உயிரோடு திரும்பி வந்தான். செண்பகவடிவு அவன் காலில் விழுந்தாள். கறைபட்ட உடம்பு என்று தன்னையே சபித்துக்கொண்டாள். வெள்ளம் புரண்ட ஆற்றில் இறங்கினாள். ஆறு அவளைப் புனிதமாக்கிவிட்டது என்று வாசித்து நிறுத்தினான் ராஜசேகரன்.

"பொம்பளன்னா அப்படித்தான் இருக்கணும்" என்று மாட்டுவண்டி ஓட்டும் ஐயாசாமி தொடையில் தட்டினார். இன்னும் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

சாக்குத் திரை விலகியது. காதர் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் அகப்பையோடு வந்து நின்றாள். ஆண்கள் நிறைந்த முன்கட்டுக்கு அதற்குமுன் அவள் வந்ததே இல்லை.

"அந்தப் புள்ள என்ன தப்பு செஞ்சா, கிராணி தம்பி?"

ராஜசேகரன் திகைத்துப்போனான். கதைதானே அக்கா, அந்தக் காலத்து வழக்கம் அப்படி என்றான்.

"செத்துட்டான்னு பொய்ச் சேதி கொண்டாந்தவன் நல்லாயிருக்கான். இத்தன வருஷமா ஒரு ஓலைகூட அனுப்பாதவன் நல்லாயிருக்கான். நம்புனவ மட்டும் ஆத்துல விழணுமா? சரி, அந்த வைத்தியன் என்ன ஆனான்? அதையாவது எழுதியிருக்காங்களா?"

ராஜசேகரன் தாள்களைப் புரட்டினான். வைத்தியனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தாம் யார் கடையில் உட்கார்ந்து தொடை தட்டினோம் என்பது ஐயாசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

அன்று சாயந்திரம் கடை கழுவும்போது அவள் கோபம் புருஷன் மேல் திரும்பியது. "அவங்க தலையாட்டுனப்ப நீங்க கல்லாவுலதான இருந்தீங்க. ஒரு வார்த்த பேசல."

வாடிக்கைக்காரர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டாமே என்று பார்த்ததாக ஆதம் இழுத்தான். பிறகு, கலியாணம் ஆன நாளிலிருந்து நெஞ்சுக்குள் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டான். "ருக்னுதீன் திரும்பி வந்தா?"

"வந்தா சோறு போடுவேன். இத்தன வருஷம் எங்க இருந்தீங்கன்னு கேப்பேன். நான் ஏன் சாவணும்?"

அடுத்த ஞாயிறு ராஜசேகரன் புதுப் புத்தகத்தோடு வந்தபோது ஆதமே எழுந்து போய், இதிலும் ஒரு பெண்ணைக் கொல்லுகிறார்களா என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டான். கொன்றால் இந்தக் கடையில் வாசிக்க வேண்டாம் என்றான். ராஜசேகரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எதிரில் இருந்த ஹைலாம் சீனரின் கோப்பிக் கடைக்குப் போனான். கூட்டமும் பின்னாலேயே போயிற்று. ஆதமின் கடை பல மாதம் ஈயோட்டியது.

காதர் பீவி அதற்கெல்லாம் அசையவில்லை. கிராணி தானாகக் கதை கட்டியிருப்பானோ என்ற சந்தேகம் அவளை அரித்தது. அந்த நாவலையே வாங்கிவரச் சொன்னாள். வியாபாரம் இல்லாத மத்தியானங்களில் ஆதம் அடுப்புக்கரியால் சுவரில் தமிழ் எழுத்துகளை எழுதிக் காட்டினான். நோன்பு மாதம் வருவதற்குள் அவளே வாசித்து முடித்தாள். கிராணி எதையும் கூட்டவில்லை, ஒன்றை வாசிக்காமல் விட்டிருந்தான். தலை நரைக்கும்வரை காத்திராதவள் மனைவியே அல்ல என்று ஆசிரியர் ஒரு பக்கம் முழுக்கத் திட்டியிருந்தார். அவள் புத்தகத்தைத் தூக்கி அரிசி மூட்டைமேல் எறிந்தாள்.

எறிந்தாலும் வாசிப்பை விடவில்லை. கிடைத்த சரித்திர நாவலையெல்லாம் வாங்கிப் படித்தாள். எந்த ராணியாவது தீக்குழிப் பக்கம் நடந்தால் அடுப்படியில் பாத்திரம் உருளும். "போகாத, உள்ள வா" என்று அவள் அதட்டுவதைக் கேட்டு, புதிதாக வந்தவர்கள் மகளைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு வருஷம் கழித்து ராஜசேகரன் சாப்பிட வந்தான், கையில் புத்தகம் இல்லாமல். இலை போட்டுச் சோறு வைத்த காதர் பீவி, அந்த ஒரு பக்கத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டாள்.

அவன் இலையைப் பார்த்தபடி சொன்னான். "உங்க கடையில உக்காந்துக்கிட்டு அத எப்படிக்கா வாசிக்கிறது?"

"வேற கடையா இருந்தா வாசிச்சிருப்பீங்க."

அவன் சோற்றில் குழி செய்தான். அவள் ஆணத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.