பாண்டியராஜன் பேரில் வந்த காய்ச்சல்

கயத்தாறில் மைக்செட் வைத்திருக்கும் இசக்கிக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது ஊரில் பாதிப் பேருக்கு உள்ளூரச் சந்தோஷம். கோயில் கொடை விழாவுக்கு மைக்கும் விளக்கும் கட்டப் போனால் அவன் வேலையோடு நிற்கமாட்டான். "மஞ்சச் சட்டை மாப்பிள்ளையை வீட்டம்மா தேடுதாக" என்று மைக்கில் சொல்லிவிடுவான். சீட்டாட்டக் கூட்டம் கலைந்து ஓடும்.

தொண்டையோடு காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வந்தன. கழுத்தில் நெறி கட்டியது. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. இரவில் போர்வை நனைகிற அளவுக்கு வியர்வை. நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புத் தடிப்பு கண்டதும் அக்கா வெள்ளைத்தாய் அம்மை என்று தீர்மானித்து வேப்பிலை விரித்துப் படுக்க வைத்தாள். இசக்கிக்கு அது வசதியாகப் போயிற்று. "ஆத்தா இளநி கேக்கா" என்பான், இளநீர் வரும். "ஆத்தா முறுக்கு கேக்கா" என்றபோதுதான் அக்காவுக்குச் சந்தேகம் வந்தது.

காய்ச்சல் தானாகவே இறங்கியது. வாய்ப்புண் மட்டும் ஆறவில்லை. அதைக் காட்டப் போன இடத்தில் டாக்டர் மங்கிக்கொண்டிருந்த தடிப்பையும் கழுத்தையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அம்மைன்னா கொப்புளம் நீர் கோத்திருக்கணும். காய்ச்சலுக்கு முன்னால பாதுகாப்பு இல்லாம யாரோடயாவது இருந்தீங்களா?"

"எனக்குக் கல்யாணமே ஆகல டாக்டர்" என்று சிரித்தான்.

"நான் கல்யாணத்தைக் கேக்கல."

காய்ச்சலுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் மதுரைப் பக்கம் கச்சேரிக்குப் போன இடத்தில் ஒரு சிநேகிதியோடு தங்கியது இசக்கிக்கு நினைவு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

டாக்டர் எழுதிக்கொடுத்தபடி எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் போன கோவில்பட்டி நம்பிக்கை மையத்தில் பெயர் கேட்டபோது, கழுகுமலையில் மைக்செட் வைத்திருக்கும் தன் போட்டிக்காரன் பாண்டியராஜன் பெயரைக் கொடுத்தான். பயத்திலும் அவனுக்குக் கொஞ்சம் குஷி. பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் எழுந்தே விட்டான்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றாள் ஆலோசகர் உமாதேவி. "எச்.ஐ.வி. உடம்புக்குள்ள போன புதுசுல பரிசோதனையில சிக்காமலும் இருக்கும். டெங்கு, வெறும் சளிக்காய்ச்சல்கூட இதே மாதிரி வரும். சிலபேருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. ரத்தம் பாத்தாத்தான் தெரியும். கொஞ்ச வாரம் கழிச்சு மறுபடி வாங்க. அதுவரைக்கும் ஆணுறை இல்லாம யாரோடயும் இருக்காதீங்க, ரத்தமும் குடுக்காதீங்க."

"காய்ச்சல்தான் போயிட்டே."

"காய்ச்சல் போகும். கிருமி இருந்தா அது போகாது."

வராமல் இருந்துவிடலாம் என்று பல நாள் நினைத்துக் கடைசியில் போனான். இந்த முறை ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னான்: "என் பேரு பாண்டியராஜன் இல்லம்மா."

"தெரியும். எங்க சித்தி வீட்டுக் கல்யாணத்துல நான் ரெண்டாம் பந்தியிலயும் உக்காந்திருக்கேன்னு மைக்ல சொன்னது நீங்கதானே."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தான். அவள் தண்ணீர் கொடுத்துக் காத்திருந்தாள். தினமும் மாத்திரை போட்டால் நல்லபடியாக வாழலாம், மாத்திரை இலவசம், சீக்கிரம் தெரிந்ததே நல்லது என்றாள். அந்தச் சிநேகிதிக்கும் அவனே சொல்ல வேண்டும் என்றாள். சொன்னான். சிநேகிதி திட்டிவிட்டுப் போனை வைத்தாள். மறுவாரம் தானும் பரிசோதிக்கப் போனதாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. வெள்ளைத்தாய் கேட்டாள்:

"ஏலே, அப்போ அந்த இளநியெல்லாம் குடிச்சது ஆத்தா இல்லையா?"

அதற்குப் பிறகுதான் அழுதாள். ராத்திரி சோறு போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டாள்.

மாத்திரை தொடங்கிய கொஞ்ச நாள் தலை சுற்றியது, பழகிவிட்டது. அடுத்த கொடைக்காலத்துக்குள் ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்திருந்தது. இப்போது யாருக்குக் காய்ச்சல் என்றாலும் இசக்கி விடுவதில்லை. தொண்டை வலிக்குதா, தடிப்பு இருக்கா, எங்கன போனே என்று தனியாகக் கூப்பிட்டுக் குடைவான். ஜெனரேட்டர் ஓட்டும் பூவனலிங்கத்தை அப்படித்தான் கோவில்பட்டி பஸ்ஸில் ஏற்றினான். அவனுக்கு வந்தது டெங்கு. முடிவைக் கேட்டதும் பூவனலிங்கம், கடித்த கொசு நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்தினானாம்.