சரசு மறித்த வழி

இது நிஜமா என்று சரசுவிடம் நேரில் கேட்டுவிடாதீர்கள். மண்வெட்டியோடு எழுந்து வருவாள். 1994 சித்திரையில், மைசூரு விஜயநகரை ஒட்டி நடந்தது. பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

புது வீட்டுமனைகளுக்காக அங்கே ரோடு போட்டார்கள். பழைய வண்டிப்பாதை ஒன்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது அந்த ரோடு. ரோலர் ஓட்டி முடித்த தாரைக் காவல் காப்பது, ஹனூரிலிருந்து ஊர்க்காரர்களோடு கூட்டமாக வந்த கூலிக்காரி சரசுவின் வேலை. சூடு ஆறும்வரை மாடோ மனிதரோ மிதிக்கக்கூடாது.

ஆனால் இரண்டு நாளாக, உச்சி வேளையில் எல்லாரும் சோற்றுக்குப் போனதும், பாதை வந்து முட்டும் இடத்தில் தாரின்மேல் வெறுங்கால் தடங்கள். கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு யார் நடப்பார்கள்? போன தடம் மட்டும் இருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

மேஸ்திரி மல்லப்பன் கறாராகச் சொல்லிவிட்டார். "தூங்கிட்டு ஆளுகள விட்டுட்டியா? இன்னொரு காலடி இதத் தாண்டுச்சு, மொத்தக் கூட்டமும் ஊருக்கு பஸ் ஏறணும்."

ஊரில் கிணறுகள் வற்றிக் கிடந்தன. அத்தனை குடும்பத்தின் அடுப்பும் இப்போது இவள் கையில். தூங்கினாளாமே. சரசுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் அவள் சோற்றைத் தொடவில்லை. பாதை முட்டும் இடத்திலேயே வெயிலில் நின்றாள்.

காற்று நின்றது. ஒரு காக்கைகூட இல்லை.

சப்... சப்...

தாரில் பள்ளம் விழுந்தது. முன்னால் இரண்டு பேர் தடம். பின்னால் இரண்டு பேர் தடம். நடுவில் இடைவெளி. காலடி வந்தது... ஆளைக் காணோம்.

பயந்தாள், மறைப்பானேன். ஆனால் நகரவில்லை. மண்வெட்டியைக் குறுக்கே பிடித்தாள்.

"யாரா இருந்தாலும் வந்த வழியே திரும்புங்க. எம் பொழப்புல மிதிக்காதீங்க."

சப்...

நின்றது. ஒரு முழம் தள்ளி.

பின்பு... திரும்பியது.

ரோலர்காரர் தடங்களை அழிக்க வந்தார். சரசு விடவில்லை. மேஸ்திரி வந்து பார்க்கட்டும் என்றாள்.

"நாலு பேர விட்டிருக்கியே," என்றார் மல்லப்பன்.

"விடலீங்க. திருப்பி அனுப்பீட்டனுங்க. குனிஞ்சு பாருங்க."

குனிந்தார். வந்தது நாலு பேர். திரும்பிப் போனது ஐந்து பேர்.

இன்னொரு முறை எண்ணினார். ரோலரை ஓட்டச் சொன்னார். பஸ் ஏற்றும் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, மோர் விற்க வந்த உள்ளூர்க்காரி பசம்மாவிடம் சரசு இதைச் சொன்னாள். பசம்மா மோர்ப்பானையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அது பொணம் தூக்கிட்டுப் போற வழிம்மா, பழைய ஊரு இருந்தப்ப. ஸ்மசானத்துக்குப் போற பாடைய நடுவுல திருப்பவே கூடாது. திருப்பினா, படுத்திருக்கிறவன் எறங்கி வீட்டுக்கு நடந்துடுவான்."

"அந்த ஊரு எங்க இருந்துச்சு?"

பசம்மா கையை நீட்டினாள். கூலிக்காரர்கள் குடிசை போட்டிருந்த மேட்டை நோக்கி.

சரசு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "வந்தா வரட்டும். சும்மா சோறு கெடையாது. சல்லி சொமக்கணும்," என்றாள்.

விஷயம் பரவி, அன்று இரவு மற்ற எந்தக் குடிசையிலும் விளக்கை அணைக்கவில்லை. சரசு மட்டும் அணைத்துவிட்டுப் படுத்தாள்.