சின்னிக்கு நான் பூசிய மருந்து

எனக்கு வடிவாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வயது போய்ப் பலதும் மறக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலக யுத்தத்தின்போது நாங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்தோம். அபாயச் சங்கு ஊதினால் வீட்டு வளவில் வெட்டிய குழிக்குள் ஓடுவோம். எங்கள் பூனை சின்னியும் வந்து என் மடியில் படுக்கும். அதன் தெள்ளுப்பூச்சி கடித்து என் கைக்குழந்தையின் உடம்பெல்லாம் தடித்துவிட்டது.

“நாளைக்கே இதைத் தோணியில ஏத்தி அக்கரையில, கிண்ணியாவில விட்டிட்டு வா,” என்றார் மாமி.

“ஒரு நாள் பொறுங்கோ மாமி,” என்று கெஞ்சினேன்.

துறைமுகத்தில் வேலை செய்த என் கணவர், கப்பல் தளம் கழுவும் பினாயில் கொண்டுவந்தார். “பக்கத்து வீட்டுக்காரர் தங்கட நாய்க்குப் பூசினவை, ஒரு தெள்ளும் இல்லையாம். உன்ர மகாராணிக்கும் பூசு,” என்று சிரித்தார்.

தண்ணீரில் கலந்து, தலை முதல் வால் வரை தேய்த்துவிட்டேன். சின்னி வெயிலில் குந்தியிருந்து உடம்பு முழுக்க நக்கியது. பூனை நக்கும் என்று எனக்குத் தெரியாதா? அன்று நினைக்கவில்லை. பின்னேரம் வாயில் நுரை தள்ளி, என் மடிக்கு ஏற ஏலாமல் காலடியிலேயே செத்துப்போனது.

“கிண்ணியாவில எண்டாலும் உயிரோட இருந்திருக்குமே,” என்று மாமியும் அழுதார்.

அதன்பின் வளர்த்த பூனைகளுக்கு நான் மருந்தே பூசுவதில்லை. பேன்சீப்பால் வாரி, தெள்ளைச் சவர்க்காரத் தண்ணீரில் போடுவேன். இப்போது மகள், பிடரியில் விடும் சொட்டு மருந்து ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். நாக்கு அங்கே எட்டாதாம். பெட்டியில் நாயின் படம்தான் இருக்கிறது. பூனைக்கும் ஆகுமா என்று விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை நான் திறக்கமாட்டேன்.