நுஸைபா தள்ளிய வளைவு

நுஸைபாவும் நானும் பிளஸ் ஒன்னுல ஒரே நாள்ல கவர்மெண்ட் சைக்கிள் வாங்குனவங்க. என்னோடது என் கல்யாணத்துக்கு முன்னாடியே பழைய இரும்புக்குப் போயிருச்சு. அவ இன்னும் வச்சிருக்கா. பேகம்பூர்ல வீட்டுலயே நைட்டி தைக்கிறா. தச்ச மூட்டைய கேரியர்ல கட்டிக்கிட்டுக் கடை கடையா மிதிப்பா. எனக்குத் தெரிஞ்சு அவ தனக்குன்னு வச்சுக்கிட்டது அந்தச் சைக்கிள் ஒண்ணுதான்.

அவ வீட்டுக்காரர் அக்மலுக்குத் தோல் குடோன்ல வேலை. நல்ல மனுசன், வாய்தான் கொஞ்சம் கூட. ஸ்கூட்டி வாங்கித் தந்த பெறகு, "வாசல்ல அந்தத் துரு எதுக்கு? எடைக்குப் போட்ருவோம்"னார். இவளுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

"அதுலயே சிறுமலை ஏறிட்டா?"

"ஏறு, பாப்போம். கால் ஊனி நிக்கலாம். எறங்கித் தள்ளுனா ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரன் வந்துருவான்."

ரம்ஜான் முடிஞ்ச அடுத்த வெள்ளிக்கிழமை, மத்தியானமே கெளம்புனோம். நான் ரோஸ்மேரி, பூக்கடையில வேலை. எனக்கு இப்பக் கியர் சைக்கிள். மேல ஒரு ராத்திரி தங்கணும்னு பாய், போர்வை, பாத்திரம் எல்லாம் கட்டியாச்சு. வெளித்தண்ணி குடிச்சா அவளுக்குத் தொண்டை கட்டிக்கும்னு வீட்டுத் தண்ணி ரெண்டு கேன் நான் ஏத்திக்கிட்டேன். டீக்கடையில ஒருத்தர், "எந்த ஊருக்கும்மா குடித்தனம் போறீங்க?"ன்னு கேட்டார்.

மலையில வளைவுக்கு வளைவு நிறுத்தி மூச்சு வாங்குனோம். ஒவ்வொரு தடவையும் தண்ணிய நீட்டுனேன். "பெறகு"ன்னா. அடுத்த வளைவுலயும் "பெறகு"தான். உதடு காஞ்சு வெடிச்சிருந்துச்சு.

"இம்புட்டுத் தண்ணிய யாருக்குடி சொமக்கிறேன்? எனக்கென்ன கிறுக்கா?"ன்னு கத்திட்டேன். அவ சிரிச்சுக்கிட்டே மிதிச்சா. ஒரு தடவை கூடத் தள்ளல.

மேல ஊருக்கு இன்னும் கொஞ்சந்தான் இருந்துச்சு. அப்பப் பாத்து என் கெண்டைக்கால் இறுகிப் பிடிச்சு, நடுரோட்டுலயே உக்காந்துட்டேன். அவ வந்து காலை நீவிவிட்டா. மேகம் வேற இறங்குது. நிக்கவும் முடியாது.

"தண்ணியக் கொட்டிருவோம், சுமை குறையும்"னேன்.

"கொட்டாத. சாயங்காலம் வேணும்."

கேன் ரெண்டையும் அவ கேரியர்ல கட்டுனா. ஏறி மிதிச்சுப் பாத்தா, சக்கரம் நகரல. ஒரு நிமிசம் ஹேண்டில்பாரப் பிடிச்சுக்கிட்டு நின்னா. பெறகு எறங்கித் தள்ளுனா. கடைசி வளைவு, ஒண்ணே ஒண்ணு. பாவி மக, என்னாலதான். எனக்கு அழுகையே வந்துருச்சு.

மேல போனதும் அக்மலுக்கு போன் போட்டு, ஸ்பீக்கர்ல வச்சா. நான் அவ காதுல, "தள்ளலன்னு சொல்லு. மலை வந்தா சாட்சி சொல்லப் போகுது?"ன்னேன்.

மொறச்சா. "நோன்பு வாயால பொய் சொல்லச் சொல்றியா?"

அப்பதான் விசயத்தச் சொன்னா. ரம்ஜானுக்கு அப்புறம் வைக்கிற ஆறு நோன்புல இன்னிக்கு ஒண்ணாம். காலையிலருந்து பச்சத்தண்ணி படாமத்தான் இம்புட்டு ஒசரம் மிதிச்சிருக்கா.

"என்னங்க, ஒரு வளைவு தள்ளிட்டேன்"னா போன்ல.

அக்மல் கேட்டார்: "இன்னிக்கும் நோன்பு வச்சியா?"

"ம்."

போனை வச்சுட்டார். போச்சு, ஞாயித்துக்கிழமை இரும்புக்காரன்தான்னு நெனச்சேன். அவ சைக்கிளைத் துணியால தொடச்சுக்கிட்டே இருந்தா.

பொழுது சாஞ்சு போன்ல பாங்கு வந்துச்சு. ஒரு பேரிச்சம்பழம் வாயில போட்டுக்கிட்டு, நான் சொமந்த தண்ணியக் குடிச்சா, குடிச்சா, அப்படிக் குடிச்சா. பெறகு தூக்குச்சட்டியத் தொறந்து என் பக்கம் தள்ளுனா. எலுமிச்சஞ்சோறு, உருளைக்கெழங்கு வறுவல்.

"பிரியாணிதான் செய்ய இருந்தேன். தவக்கால வெள்ளியாச்சே, நீ கவுச்சி தொட மாட்டியே"ன்னா.

மொத வாய அள்ளி அவளுக்கு ஊட்டுனேன். அந்நேரம் போன் அடிச்சுச்சு, அக்மல்தான்.

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன்."

"இரும்புக்காரன வர வேணாம்னுட்டேன். நாளைக்கு எறங்குறப்போ பிரேக்க விட்டுறாத."