அம்மா கையெழுத்துப் போட்ட கம்ப்யூட்டர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. 'டிவி விலையில் கம்ப்யூட்டர்' என்று ஆரணி வரைக்கும் சுவர் சுவராக எழுதியிருந்தார்கள். அம்மாவுக்கு அங்கே டெஸ்டிங்கில் வேலை. பாகங்களைப் பூட்டி முடித்த பெட்டியை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, பழுதில்லை என்றால் பின்பக்கம் 'பாஸ்' ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய அம்மாவின் கையெழுத்து ஊர் ஊராகப் போகிறது என்பதில் அவளைவிட எனக்குத்தான் மண்டைக்கனம்.

விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. ஒரு நாள் ஓடிய பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் போதும் என்றார்கள். பிறகு அதுவும் வேண்டாம், ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்றார்கள்.

"பாக்காமயே கையெழுத்து போடச் சொல்றாங்க. மாட்டேன்னா நாளையிலேர்ந்து கம்பெனி பஸ் ஏறாதன்றான் சூப்பர்வைசர்" என்று அம்மா நைனாவிடம் புலம்பினாள்.

"எல்லாரும் போட்டுக்கினுதானே கீறாங்க? நீயும் போடு" என்றார் நைனா. போட்டாள்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் அதே கம்ப்யூட்டர்கள் வந்தன. குங்குமம் வைத்து, சுண்டல் கொடுத்துத் திறந்தார்கள். அரைப் பரீட்சைக்குள் பாதி படுத்துவிட்டது. ஒன்றில் புகையே வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் போனில் கத்திய கத்தலில் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் எங்கள் கம்ப்யூட்டர் வகுப்புக்கு வந்தார். பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தவர், "எவ போட்டதுன்னே தெரியலையே, கிறுக்கி வச்சிருக்கா" என்றார்.

என் ரேங்க் கார்டில் இருக்கும் கையெழுத்து எனக்குத் தெரியாதா? எழுந்து நின்று சொன்னேன். "சார், அது எங்கம்மா கையெழுத்து!"

அவர் சிரித்தார். அம்மாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, எனக்கு ஒரு பேனா கொடுத்தார்.

மறுவாரம் அம்மாவை நிறுத்திவிட்டார்கள். சோதிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களை நீக்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று கடைக்காரர்களுக்கெல்லாம் கடிதம் போயிற்று. அதை யாரும் நம்பவில்லை. திரும்பி வந்த பெட்டிகள் கம்பெனி வாசலில் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. அடுத்த பொங்கலுக்குள் இழுத்து மூடினார்கள். முதலாளி வேறு பெயரில் செல்போன் விற்கப் போனாராம். அம்மாவை மட்டும் தொழிற்பேட்டையில் வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்கவில்லை. இறால் உரிக்கப் போனாள்.

நிறுத்திய அன்று சாயங்காலம் அவள் என்னை அடிக்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, "அந்த டை கட்டினவரு கேட்டாரா, நீயா சொன்னியா?" என்றாள்.

"நானேதாம்மா சொன்னேன். எல்லார் முன்னாடியும்."

"நைனா கேட்டா, அந்த ஆளு மெரட்டி கேட்டாருன்னு சொல்லு. யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு பெருமையாகச் சொன்னதை இவள் ஏன் பொய்யாக்கச் சொல்கிறாள் என்று இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.