பகல் தூக்கத்துக்கு ஒரு சுவர்

ஓசூர் கம்பெனியில் ஜெபசீலிக்கு நைட் ஷிஃப்ட் நிரந்தரமாகிவிட்டது. காலையில் கம்பெனி வண்டி அவளைத் தெருமுனையில் இறக்கிவிடும் நேரத்துக்குத்தான் கணவன் ஜோஸ்வின் வேலைக்குக் கிளம்புவான். அவன் ஷூ மாட்டி முடிப்பதற்குள் இருவரும் பேச வேண்டியதைப் பேசியாக வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு வீட்டுக்கு வண்ணம் அடிப்பது வழக்கம். பெயிண்டர் முனிசாமி படுக்கையறைச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டை இழுத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்று வெளிர் சந்தனம், இன்னொன்று கருநீலம்.

"நீலம் அடிச்சா குகையாட்டம் ஆயிடும். கேரல் பாட வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றான் ஜோஸ்வின்.

"அவங்க பெட்ரூமுக்குள்ளயா வந்து பாடப்போறாங்க?"

"சந்தனம்தான் பளிச்சுனு இருக்கு, சீலி."

"அந்தப் பளிச்சுதாங்க எனக்கு ஆகல."

அவன் போய்விட்டான். அந்த அறையை அவன் டியூப்லைட் வெளிச்சத்தில் மட்டுமே பார்த்தவன். நடுப்பகலில் எதிர் ஷெட்டின் தகரக் கூரையில் பட்ட வெயில், திரைக்கு மேலிருக்கும் வென்டிலேட்டர் வழியாக வந்து, சுவரில் பட்டுக் கண்ணில் தெறிக்கும். வென்டிலேட்டரில் காகிதம் ஒட்டிப் பார்த்தாள், புழுக்கம் எழுப்பிவிட்டது. துண்டால் கண்ணை மூடிக்கொண்டு புரள்வாள். போன வாரம் மெஷின் முன்னால் கண்ணயர்ந்தபோது, சூப்பர்வைசரம்மா கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் விரல் போயிருக்கும். சொன்னால் வேலையை விடச் சொல்வான் என்று அதை வீட்டில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, அன்று அபூர்வமாக இருவரும் சேர்ந்து படுத்தார்கள். சிறிது நேரத்தில் ஜோஸ்வின் எழுந்து உட்கார்ந்தான்.

"என்ன சீலி, மூஞ்சில லைட் அடிச்சாப்ல இருக்கு. தினமும் இப்படித்தானா?"

"ஞாயித்துக்கிழமைக்குன்னு தனி வெயிலா வரும்?"

அவன் சந்தனப் பட்டையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான். பிறகு நீலத்தைப் பார்த்தான். அவளுக்கு மறைத்துவைக்கவும் தெம்பில்லை. மெஷின் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவன் அவள் கையை இழுத்து, ஒவ்வொரு விரலாகப் பார்த்தான். அப்புறம் முனிசாமிக்குப் போன் போட்டான்.

"அண்ணா, பெட்ரூமுக்கு நீலமே அடிச்சுடுங்க."

"என்ன தம்பி, நேத்து உங்க வீட்ல போன் பண்ணி, அவர் ஆசைப்படறாரு, சந்தனமே போதும்னாங்களே?"

ஜோஸ்வின் திரும்பினான். கேட்பதற்கு அவள் விழித்திருக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் முகத்தில் விழுந்த வெளிச்சத்தை மறைக்கும்படி நகர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

"அவ சொன்னதை விடுங்கண்ணா. நீலம்தான்" என்றான், குரலைத் தாழ்த்தி.