குடத்தில் இல்லாத சீட்டு

போன மாதம் உத்திரமேரூரில் ஒரு கூட்டத்தில் பேசும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கேட்டவர்கள் உருகிப்போனார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் தொண்டை அடைக்க வேண்டும் என்று முந்தின நாளே தாளில் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை அடைத்தும் பார்த்தேன். இரண்டாவது தடவை நன்றாக வந்தது.

கூட்டம் நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். பாலஸ்தீனத்தில் ராணுவக் காவலில் அடைபட்டிருக்கும் சிறுவர்களுக்காகச் சில நண்பர்கள் கூட்டியது. நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனை எதற்குக் கூப்பிட்டார்கள் என்றால், வேறு யாரும் கிடைக்கவில்லை. நானும் மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன், படித்ததைச் சொன்னேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போகிறார்கள். கையை பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கி, கண்ணைக் கட்டி வண்டியில் ஏற்றுகிறார்கள். விசாரிக்கும்போது பக்கத்தில் அப்பா, அம்மா, வக்கீல் யாரும் கிடையாது. குற்றம் பெரும்பாலும் கல் எறிந்தது. கடைசியில் அந்தப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாத ஹீப்ருவில் எழுதின காகிதத்தை நீட்டி, கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். போட்டவன் ராணுவக் கோர்ட்டுக்குப் போகிறான்.

பென்சில் குறி இந்த இடத்தில்தான் இருந்தது. திட்டப்படி தொண்டையை அடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தேன். மூலையில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அதுவரை குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்த மைக்செட்காரன் தலையைத் தூக்கினான். எத்திராஜ். எனக்கு அடுத்த வரி மறந்துபோனது. அதன்பிறகு அடைத்தது ஒத்திகை பார்க்காதது. கைதட்டல் என்னவோ அதற்குத்தான் அதிகம்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் எத்திராஜும் நானும் ஆறாம் வகுப்பு. எங்கள் ஊர் மானாம்பதிக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடம் உத்திரமேரூரில். எங்கள் ஊர் ஸ்டாப்பிங்கில் காலை பஸ் நிற்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. பஸ்ஸுக்கு அது தெரியாது. தூரத்தில் எங்களைப் பார்த்ததும் டிரைவர் வேகத்தைக் கூட்டுவார். நாங்கள் ஏழு பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடி, டிரைவர் கத்திவிட்டுப் போகிற வசவைத் திருப்பிச் சொல்லும் வயசில்லாததால் மூச்சை மட்டும் வாங்கிக்கொண்டு, நடக்க ஆரம்பிப்போம். கணக்கு வாத்தியார் தாமதத்துக்கு முட்டி போட வைப்பார்.

பரீட்சை அன்றைக்கும் பஸ் நிற்கவில்லை. நான் ஒரு ஜல்லிக்கல்லை எடுத்து எறிந்தேன். வாழ்நாளில் நான் குறி பார்த்து எறிந்த எதுவும் குறியில் பட்டதில்லை. குறியே பார்க்காமல் எறிந்த அது பின்கண்ணாடியில் பட்டது. கண்ணாடி உப்பு மாதிரி உதிர்ந்தது. பஸ் அப்போதுதான் முதல் தடவையாக நின்றது.

கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு நெற்றியில் ரத்தம். அவர் லீவில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்த ஏட்டு. வேறு யார் நெற்றியாக இருந்தாலும் விஷயம் ஒரு வசவோடு முடிந்திருக்கும்.

மறுநாள் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மோர் குடித்தார். எங்கள் வீட்டுக்கு ஏன் வந்தார் என்றால், ஏரி மதகைத் திறக்கவும் மூடவும் ஊரில் அப்பா தலையசைக்க வேண்டும். போலீசும் அவரிடம்தான் வரும். எறிந்தவன் யார் என்று இன்ஸ்பெக்டர் ஒரு பேச்சுக்குக் கேட்டார். பையன்கள் ஏழு பேரும் மண்ணைப் பார்த்தோம். அவருக்கும் அது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. நாளைக்குள் ஒருத்தனை அனுப்பிவையுங்கள், இரண்டு தட்டு தட்டி எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏழு பேரையும் அள்ளிக்கொண்டு போவேன் என்று சொல்லிவிட்டு, மோர் நன்றாயிருந்தது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே என் மாமா வருகிறார். அம்மாவின் தம்பி, ஊர்ப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். வெளியூர் ஆட்கள் யார் வந்தாலும் உத்திரமேரூருக்கு அழைத்துப்போய்க் கோயில் சுவரில் இருக்கிற குடவோலைக் கல்வெட்டைக் காட்டி, உலகத்துக்கே ஓட்டுப் போடக் கற்றுக்கொடுத்தது நாம்தான் என்பார். வந்தவர் ஆமாம் என்று சொல்லும்வரை வெயிலில் நிற்க வைப்பார். எங்கள் ஊரில் ஏரித் தண்ணீர் யாருக்கு முதல் முறை என்பதைக்கூட அப்படித்தான் முடிவு செய்வோம். குடத்தில் சீட்டுப் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வது. வந்த பெயரை யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு.

பையன்களுக்கும் குடம்தான் என்றார் மாமா. ஊர் ஒப்புக்கொண்டது. இதைவிட நியாயமாக யாரால் யோசிக்க முடியும்? அப்புறம் அவரே, கல்வெட்டுப்படி சீட்டு எடுப்பது சிறுவனாக இருக்க வேண்டும், எடுக்கிறவன் பெயர் குடத்துக்குள் இருக்கக் கூடாது என்று சொல்லி என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆயிரம் வருஷத்து வழக்கம் என் கையில் வந்து நின்றது மாதிரி இருந்தது. ஆனால் கல்லை எறிந்தவன் நான். நான்தான் என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தார். அப்பா என்னைத் தொடுவதே அபூர்வம். அந்தச் சந்தோஷத்தில் சொல்ல வந்தது உள்ளே போய்விட்டது.

எத்திராஜின் அப்பா திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளையில் இருந்தார். அம்மா மட்டும் நாற்று நடுகிற சேற்றுக்காலோடு வந்து ஓரமாக நின்றாள். எங்கள் நிலத்தில்தான் நட்டுக்கொண்டிருந்தாள். மற்றப் பையன்களுக்கெல்லாம் அப்பாவோ சித்தப்பாவோ வந்திருந்தார்கள்.

"எம்புள்ள எறியல சாமி," என்றாள்.

"எறிஞ்சது யாருன்னு இப்ப யாரும்மா கேட்டாங்க? யாரு போறதுன்னுதான் பேச்சு," என்றார் மாமா. "குடத்துல வர்றது தெய்வம் சொல்றது."

எத்திராஜ் சிரித்துக்கொண்டு நின்றான். ஆறு சீட்டில் ஒன்றுதானே என்று என்னிடம் விரலைக் காட்டிக் கண்ணடித்தான். கணக்கில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்.

நான் கண்ணை மூடிக்கொண்டு குடத்தில் கையை விட்டு, நன்றாகத் துழாவி, பாரபட்சமில்லாமல் ஒரு சீட்டை எடுத்து மாமாவிடம் கொடுத்தேன். மாமா பிரித்துப் படித்தார். எத்திராஜ்.

அவன் அம்மா நடவுக்குத் திரும்பிப் போனாள். குடத்தை எதிர்த்துப் பேசினால் அடுத்த போகத்துக்குத் தண்ணீரும் கிடையாது, வேலையும் கிடையாது. மத்தியானமே மாமா அவனை சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு மாட்டுத்தொட்டியில் மீதிச் சீட்டுகள் ஊறிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். இரண்டைப் பிரித்தேன். இரண்டிலும் எத்திராஜ் என்றே இருந்தது. ஒருவேளை ஒத்திகைக்கு எழுதியதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பதினொரு வயசில் மாமாவைப் பற்றி அதற்குமேல் நினைக்க என்னிடம் சரக்கு இல்லை. மூன்றாவதைப் பிரிக்கவில்லை. அது ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. இருக்கிறது, நன்றாக இல்லை.

இரண்டு தட்டு என்று சொன்னது மூன்று நாள் ஆனது. துண்டால் அவன் கையைப் பின்னால் கட்டி, பெஞ்சுக்குக் கீழே உட்காரவைத்திருந்தார்களாம். அவன் அம்மா ஸ்டேஷனுக்கு எதிரே புங்கமரத்தடியில் தூக்குவாளியோடு மூன்று நாளும் நின்றாள், உள்ளே விடவில்லை. சோறு புளித்ததும் நாய்க்குக் கொட்டிவிட்டு, மறுபடியும் ஊருக்கு நடந்துவந்து ஆக்கிக்கொண்டு போனாள். நாலாம் நாள் எழுதி முடித்த காகிதத்தில் அவன் கட்டைவிரலில் மை தடவி ரேகை வாங்கினார்கள். எத்திராஜ் எங்கள் வகுப்பில் இங்கிலீஷில் கையெழுத்துப் போடத் தெரிந்த ஒரே பையன். அடியில் இரண்டு கோடு இழுத்து, ஒரு புள்ளியும் வைப்பான். படிக்கத் தெரிந்தவன் கையில் கொடுத்தால் படித்துவிடுவான் என்று கைநாட்டே போதும் என்றுவிட்டார்கள்.

அந்தக் காகிதத்தில் கல்லோடு வேறு எதுவெல்லாமோ சேர்ந்திருந்தது. எங்கள் பக்கத்தில் அந்த வருஷம் காணாமல்போன பம்புசெட் மோட்டார்கூட அதில் இருந்ததாகச் சொன்னார்கள். அவனை எங்கோ ஒரு சிறுவர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஏழு மாதம். திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. ஒரு மைக்செட் கடையில் சேர்ந்தான். சும்மா நிற்கும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பெரிய மனுஷன் மாதிரி நிற்கிறான் பார் என்று நாங்கள் கேலி செய்தோம். நானும்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவனை நினைத்து எனக்கு நெஞ்சு நிறையும். நான் எறிந்ததை அவன் பார்த்தான், பக்கத்தில்தான் நின்றான். அப்படியும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஜீப் மறுபடி எங்கள் வாசலுக்கு வரவேயில்லை. சிநேகம் என்றால் அது என்று இரண்டு கட்டுரைகளில், பெயரைச் சொல்லாமல், அவனைப் பெரிய தியாகியாக்கி எழுதியிருக்கிறேன். வாசகர்கள் கண்ணீர் விட்டுக் கடிதம் போட்டார்கள். அவன் கட்டுரை படிப்பதில்லை என்பது ஒரு வசதி.

கூட்டம் முடிந்தது. பொன்னாடையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு மூலைக்குப் போனேன். நாற்பது வருஷம் கழித்தாவது சொல்லிவிட வேண்டும் என்று, ஒத்திகை எதுவும் இல்லாமல் போனேன். அவன் தரையில் குந்தி ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஆட்கள் இருந்தவரை சார் என்றவன், அவர்கள் நகர்ந்ததும் நீ என்றான்.

"அந்த கல்லு நான் எறிஞ்சது எத்திராஜ்," என்றேன்.

"அதான் தெரியுமே. பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன்."

சீட்டைப் பற்றியும் சொன்னேன். ஆறிலும் அவன் பெயர்தான் இருந்திருக்கும் என்று. அதுவும் அந்த வருஷமே ஊருக்கெல்லாம் தெரியும் என்றான். நான் ரகசியம் என்று நாற்பது வருஷம் சுமந்ததை ஊர் என்னைத் தவிர எல்லாரோடும் பேசி முடித்திருந்தது.

நான் வேறு வழியில்லாமல் அந்தத் தியாகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவ்வளவு அடியிலும் என் பெயரைச் சொல்லாமல் இருந்தாயே, அதை நான் மறக்க மாட்டேன் என்றேன். குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

எத்திராஜ் ஒயர் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். புரியாமல் பார்ப்பவன் மாதிரி இருந்தது.

"யாரு சொன்னா சொல்லலன்னு? மொத அடிக்கே உம்பேர சொல்லிட்டேன். நாலு நாளும் அதையேதான் சொல்லிக்கினு இருந்தேன். அவுங்க எழுதிக்கல."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"சரி, காலை எடு," என்றான். "ஒயரை மிதிச்சிக்கினு கீற."